யோசேப்பின் களஞ்சியமும் சுன்னாகம் சந்தையும்



எகிப்து நாட்டில் யோசேப்பு தானியம் சேர்த்து வைத்த வரலாற்றை அறியாத கத்தோலிக்கப் பிள்ளை நம் ஊர்களில் இராது. கொழுத்த பசுக்கள் ஏழு, மெலிந்த பசுக்கள் ஏழு. செழிப்பான ஏழு வருடங்களில் விளைச்சலில் ஐந்திலொரு பங்கை அரசன் பெயரால் சேர்த்துக் களஞ்சியங்களை நிரப்பினார் யோசேப்பு. பஞ்சம் வந்தபோது அவற்றைத் திறந்து நாட்டையும், அயல்நாட்டாரையும், தம்மை விற்றுவிட்ட சொந்தச் சகோதரரையும் சாவிலிருந்து காப்பாற்றினார். ஞானோபதேச வகுப்பில் இந்த இடத்துடன் கதையை முடித்துவிடுவோம். பிள்ளைகளும் சந்தோஷத்துடன் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

முடிக்காமல் இன்னும் சில பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தில் பஞ்சம் நீடிக்கின்றது. மக்கள் முதலில் தங்கள் கையிலிருந்த காசைக் கொடுத்துத் தானியம் வாங்குகின்றார்கள். காசு தீர்ந்ததும் ஆடு, மாடு, கழுதை, குதிரைகளைக் கொடுக்கின்றார்கள். அடுத்த வருடம் கொடுப்பதற்கு நிலமும் உடலுமே எஞ்சியிருக்கின்றன, அவற்றையும் கொடுத்துவிடுகின்றார்கள். எகிப்தின் நிலமெல்லாம் பார்வோனுடையதாயிற்று. உழுதவன் பார்வோனின் அடிமையானான். உயிரைக் காத்தீரே என்று அவர்கள் யோசேப்புக்கு நன்றியும் சொன்னார்கள் என்று வேதாகமம் ஒளிக்காமல் சொல்கின்றது. பிறகு யாத்திராகமத்தின் முதலாம் அதிகாரத்துக்கு வாருங்கள். யோசேப்பை அறியாத வேறொரு அரசன் எழும்புகின்றான். யோசேப்பின் சந்ததியாரைக் கொண்டே கட்டாய வேலை வாங்குகின்றான். அவர்கள் என்ன கட்டினார்கள் தெரியுமா? களஞ்சிய நகரங்கள்.

இந்தக் கதையை இன்று எடுப்பதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டின்போது ஒரு வழக்கு அடிக்கடி நடக்கின்றது. "சிறிமாவோ அம்மையாரின் காலந்தான் கமக்காரனுக்குக் காலம். அரசாங்கம் இறக்குமதியை நிற்பாட்டினால் நாங்கள் எழும்புவோம்" என்பார் தோட்டஞ் செய்த பெரியப்பா. "அரசாங்கம் கைவைத்த எதுவும் உருப்பட்டதில்லை. வியாபாரத்தை அதன்பாட்டில் விட்டால் நாடு தானாக முன்னேறும்" என்பார் கடை வைத்திருக்கும் மாமா. இருவரும் நல்லவர்கள், பூசை தவறாதவர்கள். இருவரும் தங்கள் வாழ்க்கையில் கண்டதையே பேசுகின்றார்கள். இந்தக் குடாநாடு ஒரே ஆயுட்காலத்துள் இரண்டையும் அடிவரை குடித்துப் பார்த்தது. ஆகவே புத்தகங்களை நாடுமுன் நம் சொந்த மண்ணைக் கேட்பது நல்லது.

பெரியப்பா சொல்வதில் உண்மை உண்டு. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்திற்கு அந்நியச் செலாவணி போதவில்லை. 1973இல் உலகெங்கும் எண்ணெய் விலையும் ஏறியது. இந்நாட்டில் விளையக்கூடிய மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டது அல்லது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதன் பலன் வலிகாமத்துச் செம்மண்ணில் தெரிந்தது. இணுவில், ஏழாலை, புன்னாலைக்கட்டுவன், உரும்பிராய், அச்சுவேலி என்று எங்கு பார்த்தாலும் வெங்காயமும் மிளகாயும். துலா மிதித்து இறைத்த கிணறுகளில் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் படித்த வாலிபருக்கென்று 1960களில் தொடங்கிய குடியேற்றத் திட்டங்கள் இந்த விலையினால் உயிர்பெற்றன. க.பொ.த. சாதாரணதரம் சித்தியடைந்த பையன் செத்தல் மிளகாய் மூட்டையை லொறியில் ஏற்றிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்த காலம் அது. குடிசை இருந்த இடத்தில் கல்வீடு எழும்பியது. தங்கைக்குச் சீதனம் சேர்ந்தது. கோவிலுக்கும் பங்கு வந்தது என்று சேர்த்துச் சொன்னால் தவறில்லை.

இத்துடன் நிறுத்தினால் நாமும் ஞானோபதேச வகுப்பைப் போலப் பாதிக் கதையுடன் எழும்பிப் போனவர்களாவோம். அதே வருடங்களில் கொழும்பிலும் காலியிலும், நம் நகரத்திலுங்கூட, ஒரு இறாத்தல் பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்றவர்கள் உண்டு. கூப்பன் அரிசி குறைந்தது. நெல்லையும் அரிசியையும் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோகத் தடை இருந்தது. வீதித் தடைகளில் கூடைகளைக் கிளறினார்கள். மலையகத்தில் நடந்தது இன்னும் கொடியது. தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த நிலமில்லை. அன்றாடச் சம்பளத்தில் வாங்கித் தின்ன வேண்டியவர்கள். 1973, 1974ஆம் ஆண்டுகளில் கோதுமை மாவும் அரிசியும் எட்டாத விலைக்குப் போனபோது அங்கே பட்டினி புகுந்தது. 1974இல் தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் திடீரென ஏறியதை அரசாங்கப் புள்ளிவிபரமே காட்டுகின்றது. அவர்களும் நம் இரத்தம். அவர்களில் பலர் நம்மைப் போலவே செபமாலை கையிலேந்தியவர்கள். நம் செத்தல் மிளகாய்க்குக் கிடைத்த நல்ல விலையை யாரோ ஒருவர் தம் வயிற்றிலிருந்து கொடுத்தார். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லும்போது இதையும் நினைக்கவேண்டியது நம் கடமை.

இன்னொன்றும் உண்டு. அந்த வருடங்களில் கண்டபடி கொட்டிய பசளையின் நைத்திரேற்று நம் சுண்ணாம்புக்கல்லின் வழியாகக் கிணற்றுக்குள் இறங்கியது. சந்தையும் கணக்குப் பார்க்கவில்லை, அரசாங்கமும் கணக்குப் பார்க்கவில்லை. கிணற்றுத் தண்ணீருக்கு விலைச்சிட்டை இல்லாதபடியால் இருவர் கண்ணிலும் அது படவில்லை.

1977 ஜூலையில் ஆட்சி மாறியது. ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் அவ்வருட நவம்பர் வரவு செலவுத் திட்டத்துடன் இறக்குமதிக் கதவைத் திறந்தது. திறந்த பொருளாதாரம் என்ற சொல் அன்றிலிருந்து நம் வாயில் புகுந்தது. பாண் வரிசை மறைந்தது. துணியும் வானொலியும் மோட்டார்ச் சைக்கிளும் கடைகளில் நிறைந்தன. அதைக் குறைத்து மதிப்பிடலாகாது. வரிசையில் நின்று கால் வீங்கிய தாய்மாருக்கு அது விடுதலைதான். ஆனால் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் கொழும்புச் சந்தையில் வந்து குவிந்தபோது நம் தோட்டக்காரனின் விலை விழுந்தது. இயந்திரத்துக்குக் கடன் எடுத்தவன் அந்தக் கடனுடன் நின்றான். விசுவமடுவில் காடு வெட்டிய வாலிபன் தோட்டத்தைப் பார்த்தபடி இருந்தான்.

கதவைத் திறந்தது பாவம் என்று நான் சொல்லவரவில்லை. ஏழு வருடம் மூடியிருந்த கதவைத் திறக்கும்போது அதன் பின்னால் சாய்ந்து நிற்பவன் விழுவான் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லையே, அதைத்தான் சொல்கின்றேன். மூடும்போதும் அவனைக் கேட்கவில்லை. திறக்கும்போதும் அவனைக் கேட்கவில்லை. கொழும்பில் செலாவணி இல்லை என்றபடியால் அவன் எழும்பினான். கொழும்பில் கொள்கை மாறியபடியால் விழுந்தான். எழுந்ததிலும் விழுந்ததிலும் அவனுடைய வாய்ச்சொல் ஒன்றுகூட இல்லை.

சமாதானத்தைப் பற்றிப் பேசுகின்றவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். மிளகாய் விலை விழுந்ததால் போர் வந்தது என்று ஒருவன் சொன்னால் அவன் இந்நாட்டு வரலாற்றை அறியாதவன். 1956இன் மொழிச் சட்டம், 1970களின் பல்கலைக்கழகத் தரப்படுத்தல், 1977 ஆகஸ்ட் வன்செயல், 1981இல் எரிந்த நூலகம், 1983 ஜூலை - காயங்கள் வேறு, ஆழமும் வேறு. எனினும் தரப்படுத்தலினால் பல்கலைக்கழகக் கதவு ஒடுங்கியபோது நம் வாலிபருக்குத் திறந்திருந்த கதவுகளில் தோட்டம் ஒன்று. அந்தக் கதவும் சாத்தப்பட்டபோது மிகுந்த வாலிபம் சந்தியில் நின்றது. தென்னிலங்கையிலும் திறந்த பொருளாதாரம் சிலரைத் தூக்கிச் சிலரைத் தள்ளியது. அரசின் ஆதரவில் வளர்ந்த சிறு உற்பத்தியாளர்கள் தள்ளப்பட்டார்கள்; தம் இழப்புக்குக் காரணத்தை அயல்வீட்டுத் தமிழ்க் கடைக்காரனிடம் தேடச் சிலருக்குக் கற்பிக்கப்பட்டது. நியூட்டன் குணசிங்க என்ற சிங்கள அறிஞர், திறந்த பொருளாதாரத்துக்கும் இன உறவுக்கும் இடையிலுள்ள தொடர்பைப் பற்றி 1984இலேயே எழுதினார். 1967இல் 6ஆம் சின்னப்பர் பாப்பரசர், மக்களின் முன்னேற்றத்தைப் பற்றிய தம் சுற்றுமடலில், முன்னேற்றத்தையும் சமாதானத்தையும் ஒரே மூச்சில் பேசினார். நிகரில்லாத இருவர் பேரம் பேசும்போது இருவரும் சம்மதித்தார்கள் என்பது மட்டும் நீதிக்குப் போதாது என்பதும் அவர் படிப்பினை. அந்நாளில் நம்மில் எத்தனை பேர் அதை வாசித்தோம்?

அரசாங்கத்தின் கையே எல்லாவற்றுக்கும் மருந்து என்பவர்களுக்கு 1990களை நினைவூட்டவேண்டும். 1990 ஜூன் மாதத்தின் பின்னர் இக்குடாநாட்டுக்கு எரிபொருள், பசளை, சீமெந்து, மின்கலம் என்று பொருட்கள் தடுக்கப்பட்டன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி வைத்துக் கொஞ்ச மண்ணெண்ணெயில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். இயந்திரம் வைத்திருந்தவன் மறுபடியும் துலாவைத் தேடினான். எந்தப் பண்டம் எங்கே போகலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒருமுறை ஒரு கையில் சேர்ந்துவிட்டால், அந்தக் கை கோபங்கொள்ளும் நாளில் மக்களின் அடுப்பே ஆயுதமாகிவிடும். யோசேப்பை அறியாத அரசன் எழும்பினான் என்று வேதாகமம் சொல்வது இதைத்தான். இப்பக்கத்திலும் நேர்மை வேண்டும். 2002இல் ஏ-9 வீதி திறந்தபின் வடக்கே வந்த பொருளுக்குப் புலிகளின் சாவடியில் வரி வைக்கப்பட்டது. அந்த வரியையும் கடைசியில் கொடுத்தது சங்கக்கடையில் சீனி வாங்கிய ஏழைதான். தடைக்காலத்தில் பதுக்கி வைத்து விற்றவர்களும் நம் ஊரவர்களே. அவர்களில் சிலர் நன்கொடைப் பட்டியலில் முதல் வரியில் இருந்தார்கள்.

சந்தையை இகழ்வதும் சரியல்ல. சந்தை என்பது பகைவர் முகம் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்ளும் இடம். நம் வெங்காயம் கொழும்பு நாலாம் குறுக்குத்தெருவுக்குப் போனது. தெற்கத்தைய லொறிச் சாரதி சுன்னாகத்தில் தேநீர் குடித்தான். யாழ்ப்பாண நகரத்தில் சிங்களவரின் பேக்கரிப் பாண் மணத்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரும்புச் சாமானுக்கும் தையலுக்கும் சோனக தெருப் பக்கம் போனோம். 1990 ஒக்டோபரில் அந்த முஸ்லிம் மக்களைச் சில மணி நேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். நம் சந்தையின் ஒரு பாதி அன்று வெறுமையாயிற்று. பிறகு அந்தக் கடைகளின் பூட்டையும் கதவையும் யார் கழற்றினார்கள் என்ற கேள்வி நம் மனச்சாட்சியில் இன்னும் நிற்கின்றது. அயலவனுடன் வியாபாரஞ் செய்யும் சுதந்திரம் மனிதனுக்கு இறைவன் கொடுத்த மரியாதைகளில் ஒன்று. அதைப் பறித்தவர் எவராயினும் சமாதானத்தையும் சேர்த்தே பறித்தார்கள்.

ஆனால் சந்தையில் சுதந்திரம் யாருக்கு இருக்கின்றது? கடை வைத்திருக்கும் மாமாவை என்னுடன் ஒருநாள் காலையில் நம் மரக்கறிச் சந்தை ஒன்றுக்கு அழைக்கின்றேன். கத்தரிக்காயைத் தோட்டக்காரன் கொண்டுவந்து தராசில் வைக்கின்றான். நூறு கிலோ என்று முள் காட்டுகின்றது. தொண்ணூறு கிலோவுக்குத்தான் காசு. மீதிப் பத்தும் கழிவாம்! எதன் கழிவு? அழுகியதன் கழிவா? இல்லை, காய் நல்ல காய். வழக்கம் என்கின்றார்கள். இந்தப் பத்து வீதக் கழிவை நிறுத்தும்படி கமக்காரர்கள் பலமுறை முறையிட்டதும், அதிகாரிகள் நிறுத்தச் சொன்னதும், பிறகு அது வேறு பெயரில் திரும்பி வந்ததும் நாம் அறிந்த கதை. இதற்கு ஆமோஸ் தீர்க்கதரிசி எட்டாம் அதிகாரத்தில் சொன்ன கண்டனத்தை வீட்டில் வாசித்துப் பாருங்கள். அளவுமரக்காலைச் சிறிதாக்கி நிறைகல்லைப் பெரிதாக்கியவர்கள் ஓய்வுநாள் எப்போது முடியும் என்று காத்திருந்தார்களாம், கோவிலுக்குப் போகாதவர்களல்லர்.

கடற்கரைக்கு வந்தாலும் அப்படியே. வலைக்கும் இயந்திரத்துக்கும் மீன் வியாபாரியிடம் முற்பணம் வாங்கியவன், கரையில் மீன் கூறும்போது வாய் திறக்கமுடியாது. பிடித்த மீனை அவருக்கே கொடுக்கவேண்டும். அவர் வைத்ததே விலை. இதைச் சுதந்திர வியாபாரம் என்று அழைப்பது சொல்லுக்கே அவமானம். போர் முடிந்தபின் 2009இலிருந்து நுண்கடன் கம்பனிகளின் மோட்டார்ச் சைக்கிள்கள் நம் கிராமத்து ஒழுங்கைகளில் புகுந்தன. கணவனை இழந்த பெண்களின் வாசலில் ஒவ்வொரு கிழமையும் வந்து நின்றன. ஒரு கடனை அடைக்க மறுகடன். 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே தலையிடவேண்டி வந்தது. நெகேமியாவின் புத்தகம் ஐந்தாம் அதிகாரத்திலும் இதே அழுகை கேட்கின்றது: வயலையும் வீட்டையும் ஈடுவைத்தோம், அரசனின் வரிக்காகக் கடன்பட்டோம், பிள்ளைகளை அடிமையாக்கினோம் என்று. நெகேமியா கோபங்கொண்டார். பணக்காரரைக் கூட்டி, வயல்களைத் திருப்பிக் கொடுக்கும்படி செய்தார். பிறகு செய்த காரியந்தான் அபூர்வமானது: ஆளுநருக்குரிய படியைத் தாம் வாங்காமல் விட்டார். தலையிடும் உரிமை அவருக்கு அதனால் வந்தது என்று எனக்குத் தோன்றுகின்றது.

2021, 2022ஆம் வருடங்களின் பாடத்தை நாம் இன்னும் செரிக்கவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரே வர்த்தமானியால் நிறுத்தியது. மண்ணைக் காப்பது நல்ல எண்ணம். நம் கிணறுகளின் கதையை மேலே சொன்னேன். ஆனால் விதைத்தவனைக் கேட்காமல், மாற்றுப் பசளை கையில் இல்லாமல், ஒரே போகத்தில் முழு நாட்டையும் மாற்றப் பார்த்தார்கள். விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடையை எடுத்தார்கள். 2022இல் நாடு கடனைக் கட்டமுடியாமல் நின்றது. அவ்வருட ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. வாங்கிய விலைக்கு விற்கவேண்டும் என்பது கணக்குக்குச் சரியாயிருக்கலாம். பாசையூரிலும் நாவாந்துறையிலும் மாதகலிலும் சிறு வள்ளத்தில் மண்ணெண்ணெய் இயந்திரம் பூட்டியவன் அன்று கடலுக்குப் போவதா, படகைக் கரையில் ஏற்றுவதா என்று யோசித்தான். முன்னையது அரசாங்கத்தின் கை. பின்னையது சந்தையின் கணக்கு. இரண்டும் ஒரே மாதிரி வந்தன. மேலிருந்து, இரவோடிரவாக, சின்னவனின் தலையில்.

இப்போது திருச்சபையின் படிப்பினைக்கு வருவோம். 13ஆம் சிங்கராயர் பாப்பரசர் 1891இல் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடல், சொத்துரிமையைப் பறிக்கவேண்டும் என்றவர்களையும் கண்டித்தது. தொழிலாளியின் கூலியைப் பேரத்துக்கு மட்டும் விட்டுவிடுகின்றவர்களையும் கண்டித்தது. (2025 மே மாதத்தில் தெரிவான பாப்பரசர் 14ஆம் லியோ, அந்தச் சிங்கராயரை மனதில் வைத்தே அப்பெயரைத் தெரிந்தார். லியோ என்பதைத்தான் நம் முன்னோர் சிங்கராயர் என்று அழகாகச் சொன்னார்கள்.) நாற்பது வருடத்தின் பின் 1931இல் 11ஆம் பத்திநாதர் இன்னும் ஒரு படி போனார். சின்னச் சபையால் செய்யக்கூடியதைப் பெரிய சபை பறித்துக்கொள்வது அநீதி என்றும், சின்னவர்களுக்கு உதவி செய்வதே பெரியவர்களின் வேலை என்றும் படிப்பித்தார். கம்யூனிச ஆட்சிகள் விழுந்தபின் 1991இல் எழுதிய 2ஆம் அருள் சின்னப்பர், சந்தையின் திறமையை ஒப்புக்கொண்டார். அதே மடலில், வாங்கக் காசில்லாதவனின் தேவை சந்தையின் காதில் விழாது என்பதையும் சொன்னார்.

இந்தப் படிப்பினையை நம் மொழியில் போட்டுப் பார்த்தால், மாமாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடக்கும் வழக்கில் கேள்வியே மாறிவிடுகின்றது. அரசாங்கமா, சந்தையா என்று கேட்குமுன், இந்தத் தீர்மானத்தில் தோட்டக்காரனுக்கும் தொழிலாளிக்கும் வாய் இருந்ததா என்று கேட்கவேண்டும். தீர்மானம் முடிந்தபின் அவனுடைய நிலமும் வள்ளமும் அவனிடமே இருந்தனவா என்றும் கேட்கவேண்டும். யோசேப்பின் களஞ்சியம் உயிரைக் காத்தது. ஆனால் அந்தத் தானியத்துக்கு நிலத்தை விலையாக வாங்கியபோது அடுத்த தலைமுறையின் அடிமைத்தனத்துக்கு வாசல் திறந்தது.

சட்டமில்லாமல் முடியாத இடங்கள் உண்டு. கடல் அவற்றில் முதலாவது. பாக்குநீரிணையில் கடலடியை வாரிச்செல்லும் இழுவைப் படகுகளுடன் சிறுவலைக்காரன் போட்டியிட முடியுமா? அதிகம் பிடிப்பவனுக்கே கடல் என்று விட்டால் பத்து வருடத்தில் ஒருவனுக்கும் கடல் இராது. இழுவைமடித் தொழிலை 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் சட்டத்தால் தடைசெய்தது. வடபகுதித் தொழிலாளர் சங்கங்கள் வருடக்கணக்காகக் கத்தியதன் பயன்களில் அது ஒன்று. இராமேஸ்வரத்துப் படகுகள் இன்னும் வருகின்றன என்பது உண்மை. அங்கிருந்து வருபவனும் முதலாளியின் படகில் கூலிக்கு வருபவன், பலவேளைகளில் நம்மைப் போல் ஞானஸ்நானம் பெற்றவன் என்பதும் உண்மை. எம்மவர் சிலரும் சிறிய இழுவைப் படகுகளால் அதே வேலையைச் செய்கின்றார்கள் என்பதும் உண்மை. இதை எழுதினால் எனக்குச் சில வீடுகளில் தேநீர் கிடையாது. பரவாயில்லை.

சட்டத்துக்கும் சந்தைக்கும் நடுவில் நம் மூத்தவர்கள் ஒரு வழி போட்டிருந்தார்கள். வங்கி எட்டாத காலத்தில் ஐக்கிய நாணய சங்கங்களை ஊருக்கு ஊர் வைத்தார்கள். 1936இல் மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலையைக் கட்டினார்கள். திருவிதாங்கூருக்குப் போன புகையிலையைக் கூட்டுறவாக விற்றார்கள். 1970களில் தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து சீவல் தொழிலாளரை விடுவித்துச் சங்கங்கள் அமைத்தபோது, அரசாங்கம் சட்டத்தைக் கொடுத்தது, தொழிலாளர் தங்கள் கையைக் கொடுத்தார்கள். (கள்ளைப் பற்றிய பிரசங்கம் வேறொரு ஞாயிறுக்கு.) கடற்கரையில் நம் மக்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களில் நின்றுதான் போர்க்காலத்துப் பாஸ் முறையையும் தடைவலயங்களையும் தாங்கினார்கள். 1990இல் மயிலிட்டியை விட்டு ஓடியவர்களுக்கு 2017 ஜூலையில் அந்தத் துறைமுகம் திரும்பக் கிடைத்தது. அதற்கான குரலில் சங்கங்களின் குரலும் இருந்தது.

இவற்றில் பல இன்று பெயர்ப்பலகையளவில் நிற்பதற்குப் போரை மட்டும் குற்றஞ்சொல்லலாகாது. சங்கக்கடையில் நிறை குறைந்தபோது நாம் கேட்கவில்லை. நிர்வாகசபையில் கட்சிக்காரர் புகுந்தபோது ஒதுங்கினோம். வெளிநாட்டிலிருந்து தம்பி காசு அனுப்புகின்றான், எனக்கேன் சங்கம் என்று சொன்னவர்களும் உண்டு. முற்பணக்காரரின் வீட்டுக்கும் நுண்கடன் கம்பனிக்கும் வழியைக் காட்டியது இந்த ஒதுங்கலே.

ஆதியாகமத்தின் அந்த அதிகாரத்தில் இன்னொரு வசனம் என்னைப் போன்றவர்களுக்காக எழுதப்பட்டது. எகிப்தில் எல்லாருடைய நிலமும் போனபோது, குருக்களின் நிலம் மட்டும் போகவில்லையாம். அவர்களுக்கு அரசனிடமிருந்து படி கிடைத்தது. மக்கள் நிலத்தை இழந்துகொண்டிருந்தபோது அவர்கள் ஒரு வார்த்தை சொன்னதாக வேதாகமத்தில் இல்லை. சொல்லவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. பங்குக் காணிகளில் எத்தனை பரப்பு பற்றை பிடித்துக் கிடக்கின்றது, அதைக் காணியில்லாத இளம் குடும்பங்களுக்கு நியாயமான குத்தகைக்குக் கொடுத்தால் என்ன என்று பங்குச்சபையில் கேட்பவர்களைக் குருவானவர் கோபிக்கலாகாது.

வருகின்ற மாதங்களில் உங்கள் ஊர்ச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்ட அறிவித்தல் எங்கோ ஒரு சுவரில் ஒட்டப்படும். வழக்கமாக ஆள் போதாமல் ஒத்திவைக்கப்படுகின்ற கூட்டம் அது. பூசை முடிந்து போகும்போது அந்த அறிவித்தலைத் தேடிப் பாருங்கள். மனைவிமாரும் அங்கத்தவராயிருந்தால் அவர்களையும் கூட்டிச் செல்லுங்கள். கணக்கறிக்கையின் பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கி, யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கப்பட்டது என்ற பக்கத்தை முதலில் வாசியுங்கள். தோட்டக்காரராயின் கழிவைப் பற்றி ஒரு பிரேரணையை எழுதிக்கொண்டு போங்கள். வழிமொழிய ஒருவரையும் முதல்நாளே ஆயத்தம் பண்ணிவையுங்கள்.